எஜமான் தேவை

தன் சொந்த வீட்டில் குடியிருப்பதற்காக ஓர் எஜமானைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டவர் என் அத்தான் லெமுவெல் கிரேடி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பர்களான எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். "நல்ல எஜமானாக் கிடைச்சானா?" என்று மட்டும் விசாரிப்பார்கள்.

அப்படியொரு தேவை வந்ததற்குக் காரணம், அரசாங்கம் எங்கள் மேல் வைத்திருந்த அக்கறைதான். அத்தானும் என் அக்கா ஒடெஸாவும் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய செங்கல் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தத் தெரு வீடுகள் மனிதர் வாழத் தகுதியற்றவை என்று நகராட்சி ஒருநாள் கண்டுபிடித்தது. உண்மைதான். நாங்களே பல வருடங்களாக மனுப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம். எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அதே இடத்தில் மனிதர் வாழத் தகுதியான அடுக்கு வீடுகளைக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் அத்தான் சுத்தமாக உடுத்திக்கொண்டு வீடு கேட்கப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் மிகவும் மரியாதைக்காரி.

"இது வெள்ளைக்காரங்களுக்குக் கட்டுனது. உங்க ஆளுங்களுக்குத் தனியா கட்டித் தருவோம்" என்றாள்.

"எங்கம்மா கட்டுவீங்க?"

"உங்க ஆளுங்க குடியிருக்கற இடத்துலதான்."

"நாங்க குடியிருந்த இடமே இதுதானேம்மா?"

"இப்ப நீங்க இங்க இல்லையே" என்றாள் அவள்.

அத்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எங்கே திரும்பி வருவது? என் சலூனுக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்குத்தான். அங்கே ஏற்கெனவே நானும் என் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தோம். அக்காவின் பியானோ மாடிப்படியில் ஏறவில்லை. அதைச் சலூனுக்குள்ளேயே நிறுத்தினோம். அக்கா பியானோ வாத்தியார். ஒரு பக்கம் நான் ஒருவருக்கு முகத்தில் சோப்பு தடவிக்கொண்டிருப்பேன். மறுபக்கம் ஒரு சிறுமி அதே நான்கு சுரங்களைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருப்பாள். அவள் தப்பு விடும்போதெல்லாம் அக்கா அதட்டுவாள். என் கத்தி நடுங்கும். வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள்.

அத்தானின் தொழில் இறந்தவர்களை அடக்கம் செய்து வைப்பது. வருடம் முழுக்கக் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, அடங்கிய குரல். அவரால் சத்தமாகத் தும்மக்கூட முடியாது. பொய் சொல்லவும் வராது. நான்கு பேர் மத்தியில் நின்றுகொண்டு இறந்தவரின் வயதைக் குறைத்துச் சொல்லும்படி எத்தனையோ விதவைகள் கெஞ்சியும் அவர் மசிந்ததில்லை.

இந்த மனிதருக்கு, வெள்ளைக்காரர்கள் மட்டுமே குடியிருந்த ஹாத்தோர்ன் வீதியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்றவர் க்ரூகர் என்ற ஜெர்மன்காரக் கிழவர், பேக்கரி வைத்திருந்தவர். அந்த வீதிக்கு ஒரு வளர்ச்சிச் சங்கம் உண்டு. வேலிச் செடி சங்கம் சொன்ன உயரத்துக்கு மேலே வளர்ந்துவிட்டது என்று அவருக்கு அபராதம் போட்டார்கள். "செடியா பிரச்சனை? இருங்கடா" என்று சொல்லிவிட்டு, கிழவர் நேராக எங்கள் பக்கம் வந்து வீட்டை அத்தானிடம் விலை பேசினார்.

பத்திரத்தை வக்கீல் தியோடர் வாஷிடம் காட்டினோம். அவர் எங்கள் ஆள், எங்கள் சர்ச்சில் பாடுபவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார்.

"இந்த வீட்டுல கறுப்பர் ரத்தம் உள்ள யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு வீதிக்காரங்க ஒப்பந்தம் போட்டிருக்காங்க. ஆனா வாங்கக் கூடாதுன்னு போடலை. எழுதுனவனுக்கு அது தோணவே இல்லை. நம்மகிட்ட பணம் இருக்கும்னு அவன் நினைக்கலை."

"அப்ப வாங்கலாமா?" என்றார் அத்தான்.

"தாராளமா வாங்கலாம். வரி கட்டலாம். புல்லு வெட்டலாம். பொழுது சாஞ்சா கிளம்பிடணும்."

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "கீழ சின்னதா ஏதோ எழுதியிருக்கே, அது என்ன?"

"அதுவா? விதிவிலக்கு. அந்த வீட்டுல இருக்கற வெள்ளைக்காரருக்கு வேலை செய்யற சமையக்காரி, டிரைவர், பட்லர், இவங்க மட்டும் தங்கிக்கலாம்."

அக்கா காகிதத்தை வக்கீலிடம் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப, நாம அங்க படுத்துத் தூங்கறதுல அவங்களுக்குக் கஷ்டம் இல்லை. நம்ம வீட்டுல படுத்துத் தூங்கறதுலதான் கஷ்டம்."

"சரியாப் பிடிச்சீங்க."

"அப்ப ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டாந்து உக்கார வச்சுட்டாப் போதும்."

வக்கீல் வாஷ் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அத்தானைப் பார்த்தார் வக்கீல். அவரும் சிரிக்கவில்லை. ஆகவே வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டு, சட்டப்படி அதில் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார்.

எஜமான் தேடுவது சுலபமான வேலை இல்லை. எங்கள் பத்திரிகையில் விளம்பரம் போட்டால் வெள்ளைக்காரர்கள் படிக்கமாட்டார்கள். அவர்கள் பத்திரிகையில் போட்டால் வளர்ச்சிச் சங்கம் படித்துவிடும். காதோடு காதாகச் சொல்லி வைத்து, மூன்று பேர் என் சலூனுக்கு நேர்காணலுக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவன் இறையியல் கல்லூரி மாணவன். உட்காரச் சொன்னால், "நீங்க நிக்கறப்ப நான் எப்படி உக்கார்றது, மன்னிச்சுக்குங்க" என்றான். காப்பி கொடுத்தால் அதற்கும் மன்னிப்பு. முந்நூறு வருடத்துக் கொடுமைக்கும் சேர்த்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு அழுதான். "நல்ல பையன்தான். ஆனா இப்படி அழுதா மறுநாளே மாட்டிக்குவோம்" என்று அக்கா அனுப்பிவிட்டாள். இரண்டாவது ஆளுக்கு வேலையில் மிகுந்த ஆர்வம். அதிகாரம் எந்த அளவுக்கு, அடிக்கலாமா என்று விவரம் கேட்டான். நான் சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே பதில் சொன்னேன். அவனே எழுந்து போய்விட்டான்.

மூன்றாவது ஆள் ஓர்வில் ஸ்டிட். கல்யாணம் ஆகாதவர், அறுபது வயசு. ஊர் ஊராகப் போய்ச் சவப்பெட்டி விற்றவர். அத்தானிடமும் பல வருடம் விற்றிருக்கிறார். கால் வீக்கத்தால் கம்பெனி அனுப்பிவிட்டது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சமையல் யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"கெளுத்தி மீன் பொரிப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமை தோறும்."

"எப்பலேருந்து எஜமானா இருக்கணும்?"

இப்படியாக ஓர்வில் ஸ்டிட் ஹாத்தோர்ன் வீதிக்குக் குடிபோனார். அத்தான் தன் கறுப்புக் கோட்டிலேயே சாமான்களை இறக்கினார். அதைத் தவிர அவரிடம் வேறு கோட்டு இல்லை. எதிர் வீட்டிலிருந்து சங்கத் தலைவர் வின்ஸ்லோ பெக்கின் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு லட்சணமான பட்லரை இந்த வீதி கண்டதில்லை என்று நான்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அத்தான் எதையும் மறுக்கவில்லை, யாரும் அவரிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

முன்பக்கத்துப் பெரிய படுக்கையறை தெருவைப் பார்த்தது. அதில் எஜமான்தான் தெரிய வேண்டும். ஆகவே வீட்டுக்காரர்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் படுத்தார்கள். கட்டில் குறுகல். அத்தான் திரும்பிப் படுத்தால் அக்கா எழுந்து நிற்க வேண்டும். "ஆனாலும் நம்ம சுவரு" என்று அத்தான் இருட்டில் சுவரைத் தடவிப் பார்ப்பாராம். அக்கா சொல்லியிருக்கிறாள்.

வந்த வாரமே சங்கத்தின் சார்பில் ஸ்டிட்டுக்கு ஒரு வெள்ளி மணி அன்பளிப்பாக வந்தது. வேலைக்காரர்களைக் கூப்பிட. அவருக்கும் ஆசை இருக்காதா? சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒருதரம் ஆட்டினார். அக்கா மாவு படிந்த கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"மிஸ்டர் ஸ்டிட், அதை இன்னொரு தடவை ஆட்டுனீங்கன்னா, அப்புறம் அது உங்க வயித்துக்குள்ள இருந்துதான் கிணுகிணுக்கும்."

மணி அலமாரிக்குள் போனது.

சிக்கல் பியானோவால்தான் ஆரம்பித்தது. அக்காவால் வாசிக்காமல் இருக்க முடியாது. சாயங்காலம் திரையை இழுத்துவிட்டு வாசிப்பாள். வீதியே கேட்கும். சமையற்காரி வாசிக்கிறாள் என்று யாருக்குத் தோன்றும்? ஸ்டிட் பெரிய கலைஞர் என்று ஊரெல்லாம் பேச்சு. திருமதி பெக் தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சங்கத்தின் ஆண்டு விழாவில் வாசிக்கச் சொல்லி ஸ்டிட்டைக் கேட்டார்கள். அவர் கையில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு போய், கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டது என்றார். வாசிக்க முடியாத அந்தக் கலைஞரின் சோகம் எல்லோரையும் உருக்கிவிட்டது. அன்றைக்கே அவரைச் செயற்குழுவில் சேர்த்து, எல்லைக் காவல் துணைக்குழுவுக்குத் தலைவராகவும் ஆக்கினார்கள். வீதிக்குள் கறுப்பர்கள் யாரும் குடிவந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தத் துணைக்குழுவின் வேலை.

"நான் என்ன செய்யட்டும்?" என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டார்.

"பார்த்துக்குங்க. குடுத்த வேலையை ஒழுங்காச் செய்யணும்" என்றாள் அக்கா.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் வீடு என்றால் அத்தான் வீடு. அத்தான் எல்லோருடைய கோட்டையும் வாங்கி மாட்டினார். அக்கா தேநீர் ஊற்றினாள். விருந்தாளிகளோடு அவரவர் வீட்டுச் சமையற்காரிகளும் உதவிக்கு வந்து சமையலறையில் நிறைந்திருந்தார்கள். வின்ஸ்லோ பெக் எழுந்து பேசினார். நல்ல உயரம், நல்ல குரல்.

"நண்பர்களே! இந்த நகரத்துல எத்தனையோ வீதிகள் விழுந்துடுச்சு. நம்ம ஹாத்தோர்ன் வீதி மட்டும் நிமிர்ந்து நிக்குது. ஏன்? இங்க ஒரு கறுப்பன்கூட கிடையாது. கண்ணுக்கு எட்டுன தூரம் கிடையாது."

"சர்க்கரை எத்தனைங்க ஐயா?" என்றாள் அக்கா.

"ரெண்டு. நன்றி, ஒடெஸா. என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங்! கண்ணுக்கு எட்டுன தூரம்! அவங்க மேல நமக்கு வெறுப்பா? இல்லவே இல்லை. என்னை வளர்த்ததே ஒரு கறுப்பம்மாதான். அவ மடியிலதான் நான் தூங்குனேன். அவ எங்க தூங்குனாள்னு எனக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கணும்னு ஒருநாளும் எனக்குத் தோணுனதில்லை. அதுக்குப் பேருதான் நல்லிணக்கம்."

கைதட்டினார்கள். சமையலறையிலிருந்தும் கைதட்டல் கேட்டது. அங்கே எதற்குத் தட்டினார்கள் என்பது வேறு கதை.

வசந்த காலத்தில் அரசாங்கத்தின் வீட்டுக்கடன் ஆபீசிலிருந்து மெர்வின் டிப்டன் என்ற மதிப்பீட்டாளர் வந்தார். எந்த வீதிக்குக் கடன் உத்தரவாதம் கொடுக்கலாம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது அவர் வேலை. பச்சை என்றால் அருமையான வீதி. சிவப்பு என்றால் அழிந்த வீதி. சங்கம் அவரை ஸ்டிட்டிடம் அழைத்து வந்தது. அத்தான் பக்கத்தில் தட்டோடு நின்றார். ஸ்டிட்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அக்கா சொல்லி வைத்ததோ என்னவோ.

"இந்த வீதியில வீட்டுக்கு வீடு கறுப்பு வேலைக்காரங்க இருக்காங்களே, அதனால மதிப்பு குறையாதா?"

"நல்ல கேள்வி" என்றார் டிப்டன். "இது விஞ்ஞானம், மிஸ்டர் ஸ்டிட். ஒரு கறுப்பன் சமையலறையில நின்னா வீட்டோட மதிப்பு ஏறும். வசதியான வீடுன்னு அர்த்தம். அதே கறுப்பன் அதே சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில உக்கார்ந்தா மதிப்பு விழும். பக்கத்து வீடும் விழும். தெருக்கோடி வரைக்கும் விழும்."

"நடுவுல, கதவுகிட்ட நின்னா?"

டிப்டன் யோசித்தார். "அதுக்கு இன்னும் விதிமுறை வரலை. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேன்."

கெடுதல் எங்கிருந்து வந்தது என்றால், டிப்டன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். நகராட்சியில் வரி கட்டுபவர்களின் பெயர்களைச் சரிபார்த்தபோது, அந்த வீட்டுக்கு வரி கட்டுபவர் லெமுவெல் கிரேடி என்று இருந்தது. பட்லரை லெமுவெல் என்று கூப்பிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. மறுபடி வந்தார். அத்தான் கதவைத் திறந்தார்.

"லெமுவெல், இந்த வீடு யாருது?"

"என்னுதுங்க ஐயா."

"மிஸ்டர் ஸ்டிட் யாரு?"

"என் எஜமான்."

"அவர் உனக்கு எவ்வளவு சம்பளம் தர்றார்?"

"நான்தான் அவருக்குத் தர்றேன்."

டிப்டன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டவர்களைக் கவனிப்பது அவருடைய தொழிலில் பாதி.

அன்றே அவசரக் கூட்டம் கூடியது. வின்ஸ்லோ பெக் மேசையைத் தட்டினார். "இத்தனை நாளா வேலைக்காரன் மாதிரி நடிச்சிருக்கான்! என் கோட்டை வாங்கி மாட்டியிருக்கான்! என்ன துணிச்சல்!" திருமதி பெக்குக்குப் பியானோ விஷயம் தெரிந்ததும் மயக்கம் வந்தது. "நான் அழுதேனே! ஒரு சமையக்காரி வாசிச்சதைக் கேட்டு அழுதேனே!" என்று அதற்காக இன்னொரு தடவை அழுதாள்.

வழக்குக் கோர்ட்டுக்குப் போனது. சங்கத்து வக்கீல் ஸ்டிட்டைக் கூண்டில் ஏற்றினார்.

"எஜமான்னா உத்தரவு போடறவர். நீங்க இவங்களுக்கு எப்பவாவது உத்தரவு போட்டதுண்டா?"

"ஒரு தடவை மணி ஆட்டினேன்."

"என்ன ஆச்சு?"

"அதுக்கப்புறம் ஆட்டலை."

"அப்படின்னா அந்த வீட்டுல உத்தரவு போடறது யாரு?"

ஸ்டிட் கையை நீட்டி அக்காவைக் காட்டினார்.

வக்கீல் வாஷ் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, எந்த வீட்டுலதான் உத்தரவு சமையலறையிலேருந்து வரலை? இதை வச்சு எஜமான் இல்லைன்னு முடிவு பண்ணா, இந்த மாகாணத்துல ஒரு எஜமானும் மிஞ்சமாட்டார்."

நீதிபதி லேசாகத் தலையாட்டினார். வீட்டு ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. சம்பளம் வாங்குபவர் எஜமான் ஆக முடியாது. ஆகவே ஓர்வில் ஸ்டிட் எஜமான் இல்லை. எஜமான் இல்லாத இடத்தில் வேலைக்காரர்கள் இருக்க முடியாது. ஆகவே கிரேடி தம்பதி வேலைக்காரர்கள் இல்லை, மாதக் கடைசிக்குள் அவர்கள் வெளியேற வேண்டும். ஸ்டிட் வெள்ளைக்காரர் என்பதால் அவர் விரும்பும்வரை அங்கேயே இருக்கலாம். அவருக்கு உதவியாகக் கறுப்பு வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளவும் தடையில்லை. இந்த இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

வரியை யார் கட்டுவது என்று அத்தான் அடங்கிய குரலில் கேட்டார். வீட்டுச் சொந்தக்காரர்தான் என்றார் நீதிபதி. அதில் என்ன சந்தேகம் என்பதுபோலப் பார்த்தார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அக்கா கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் என் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. "அந்தப் பொந்து மாதிரி அறையில படுத்தேன். அவனுங்களுக்கு டீ ஊத்திக் குடுத்தேன். எல்லாத்தையும் முழுங்கிட்டேன்டா ரூபன். இப்ப என்ன சொல்றான்? என் வீட்டுல நான் வேலைக்காரியா இருக்கக்கூட லாயக்கில்லையாம்." அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தொழிலில் ஆயிரம் பேருக்குச் செய்ததுபோல, மடித்த கைக்குட்டையை நீட்டினார். ஸ்டிட் கொஞ்சம் தள்ளி நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நான் பொய் சொல்லியிருக்கணும்" என்றார். "கோர்ட்டுல உங்களுக்கும் வராது" என்றாள் அக்கா.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாஷிங்டனிலிருந்து செய்தி வந்தது. அங்கே உள்ள பெரிய கோர்ட்டில் வேறு யாரோ போட்ட வழக்கில், எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றும் அதில் உண்டு, தீர்ப்பாகியிருந்தது. வக்கீல் வாஷ் மூச்சிரைக்க ஓடி வந்து விளக்கினார். இம்மாதிரி ஒப்பந்தம் போடுவது குற்றமில்லை. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை நடைமுறைப்படுத்த எந்தக் கோர்ட்டும் உதவக் கூடாது.

"அப்ப நாங்க இருக்கக் கூடாதுங்கறது செல்லும், ஆனா யாரும் எங்களை வெளியேத்த முடியாது?" என்றார் அத்தான்.

"அதேதான்."

அக்கா கயிற்றை அவிழ்த்தாள். அன்று சாயங்காலம் திரையை விலக்கி, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தாள். எதிர் வீட்டு வராந்தாவில் திருமதி பெக் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. சங்கம் கூடி, ஒருவரும் விற்கக் கூடாது என்று ஒருமனதாகச் சபதம் எடுத்தது. மறுநாள் காலையில் பாதி வீடுகளில் விற்பனைப் பலகை தொங்கியது. வீதியின் மதிப்பு விழுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வின்ஸ்லோ பெக் தன் வீட்டை எங்கள் பல் டாக்டர் ஒருவருக்கு, தான் வாங்கியதைப்போல ஒன்றரை மடங்கு விலைக்கு விற்றார். எங்களுக்கு வேறெங்கும் யாரும் விற்கமாட்டார்கள் என்பதால் அவர் சொன்னதுதான் விலை. புறப்படும்போது அத்தானிடம் வந்தார்.

"பார்த்தியா லெமுவெல், மதிப்பு எப்படி விழுந்துடுச்சு!"

"ஒன்றரை மடங்கு விழுந்திருக்குங்க ஐயா" என்றார் அத்தான்.

"இன்னும் விழறதுக்குள்ள வித்துட்டேன்" என்றார் பெக், மனநிறைவோடு.

இலையுதிர் காலம் வருவதற்குள் ஹாத்தோர்ன் வீதியில் ஸ்டிட்டைத் தவிர வெள்ளைக்காரர் யாரும் இல்லை. அவர் இப்போது பின்னறையில் படுத்தார். கால் வீங்கிய எஜமானை எங்கே அனுப்புவது? வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட்டார், சாப்பிட்டதற்குத் தட்டுக் கழுவினார்.

செப்டம்பரில் ஆலங்கட்டி மழை பெய்தது. கோழிமுட்டை அளவு கட்டிகள். வீதி முழுக்க ஒரு கூரை தப்பவில்லை. அத்தான் வீட்டில் பியானோவுக்கு மேலேயே வானம் தெரிந்தது. குளிர் வருவதற்குள் கூரை போட்டாக வேண்டும். அரசாங்கம் உத்தரவாதம் கொடுக்காத வீதிக்கு எந்த வங்கியும் கடன் தராது. அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு டிப்டனின் ஆபீசுக்குப் போனார்.

டிப்டன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஹாத்தோர்ன் வீதி தக்காளிபோலச் சிவந்திருந்தது.

"உங்க வீதி நலிஞ்சுடுச்சு, லெமுவெல்."

"எதுல நலிஞ்சிருக்குங்க? அதே வீடு, அதே மரம். புல்லை முன்னைவிட நல்லா வெட்டறோம். பெக் ஐயா வீட்டுல இப்ப டாக்டர் இருக்கார். அடுத்த வீட்டுல ஹைஸ்கூல் தலைமை ஆசிரியர்."

"நலிவு கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்துலதான் தெரியும். நீங்க குடிவந்தா வீதி நலியும், அதனால கடன் கிடையாது. கடன் இல்லைன்னா கூரை போட முடியாது. கூரை இல்லைன்னா வீதி நலியும். நாங்க முன்கூட்டியே சொன்னது எப்படிப் பலிச்சுது பாத்தியா? இதுல தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. என் வீட்டுச் சமையக்காரிகூட உங்க ஆளுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதோட இன்னொரு குறை இருக்கு. உங்க வீதி முழுக்க ஒரே இனமாக்கூட இல்லை. ஒரு வெள்ளைக்காரர் நடுவுல இருக்கார். இனக் கலப்பு. மேலிடத்துக்கு அது சுத்தமாப் பிடிக்காது."

அத்தான் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஐயா, நான் நிறைய சாவு பார்த்திருக்கேன். செத்தவங்களைத்தான் செத்தவங்கன்னு எழுதிக் குடுப்பாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் மூச்சை அடைக்கறதை இங்கதான் பார்க்கறேன்." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் சர்ச்சில் ஒரு மரண சகாய சங்கம் உண்டு. வாராவாரம் எல்லோரும் சில்லறை போடுவார்கள். யாராவது இறந்தால் அடக்கச் செலவு அதிலிருந்து. வெள்ளைக்காரர்களின் வங்கி எங்கள் உயிருக்குக் கடன் தராவிட்டாலும், எங்கள் சாவுக்கு நாங்களே சேர்த்து வைத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அக்கா எழுந்தாள்.

"இந்தப் பணத்தை எடுத்து எல்லா வீட்டுக்கும் கூரை போடுவோம். அடுத்த கோடைக்குள்ள திருப்பிக் கட்டிடுவோம்."

சபையில் சலசலப்பு. பொருளாளர் எழுந்தார். "அதுக்குள்ள யாராவது செத்துட்டா? எதை வச்சுப் புதைக்கறது?"

நியாயமான கேள்விதான். நீண்ட நேரம் விவாதம் நடந்தது. முடிவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம்: கூரைக் கடன் தீரும்வரை சங்க உறுப்பினர் எவரும் சாகக் கூடாது. அத்தான்தான் வழிமொழிந்தார். அவருடைய பிழைப்பே சாவில்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில்தான் சங்கத்தில் சேர்ந்திருந்த ஸ்டிட், தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று கையைத் தூக்கினார்.

பின்வரிசையில் சிஸ்டர் ஹெஸ்டர் ஆம்ஸ்டெட் எழுந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர். அடிமையாகப் பிறந்த தாயின் மகள்.

"எனக்கு டாக்டர் நவம்பர்னு சொல்லிட்டானே, நான் என்ன பண்றது?"

போதகர் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "சிஸ்டர், விதின்னா எல்லாருக்கும் ஒரே விதிதான். விதிவிலக்குப் போட்டா அப்புறம் அதுக்கும் ஒரு ஆபீஸ் திறக்கணும்."

கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டார். "சரி, போடுங்க கூரையை. நான் இருக்கேன்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறுநாளே வேலை ஆரம்பித்தது. தலைமை ஆசிரியர் ஆணி பிடித்தார், பல் டாக்டர் பலகை அறுத்தார், நான் தார் காய்ச்சினேன், ஸ்டிட் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். நவம்பர் வந்தது, போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சங்கத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அத்தானுக்குத் தொழில் அடியோடு படுத்துவிட்டது. வேறு வேலை இல்லாததால் பொழுது விடிந்து சாயும்வரை கூரை மேலேயே இருந்தார், அதே கறுப்புக் கோட்டில்.

கடைசி வீட்டுக் கூரை பிப்ரவரியில் நடந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஹெஸ்டர் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனியில் வந்து நின்றார். மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்த அத்தானை அண்ணாந்து பார்த்து, கைத்தடியால் ஏணியைத் தட்டினார்.

"சீக்கிரம் அடிப்பா லெமுவெல்! இதுக்கப்புறம் கடன் வேற தீரணும்! எத்தனை நாளைக்குத்தான் நான் காத்துக் கிடக்கறது!"